பாஸ்வேர்டை மாற்றிய மகனுக்கு

ராசா,

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கப் போவதாக நேற்று போனில் சொன்னாய். போகாதே. உன் வருமான வரிக் கணக்கில் வாய்க்கு வந்த பாஸ்வேர்டையெல்லாம் போட்டுப் பார்த்து, கடைசி நாளுக்கு முந்தின நாள் அதைப் பூட்டிக்கொள்ள வைத்த ஆசாமி வெளிநாட்டில் இல்லை. தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கும் உன் அம்மாதான் அது. நீ போனில் பதறியபோது, "வெளிநாட்டுல இருந்து எவனாவது பண்ணியிருப்பான்லே, காலம் கெட்டுக் கெடக்கு" என்று நான் சொன்னது சுத்தப் பொய். அதோடு விட்டிருக்கலாம். உன் பேங்க் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லி உனக்குப் பாடம் வேறு எடுத்தேன். போலீஸ்காரர்கள் துப்புத் துலக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டை விரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். இது கட்டை விரலோடு முடிகிற விஷயம் இல்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். பொறாமை. வேறு ஒரு காரணமும் கிடையாது. பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. உனக்கு முதல் சம்பளம் வந்த வருஷத்திலிருந்து உன் ரிட்டர்னை நான்தான் போட்டேன். இந்த வருஷம் உன் மனைவி போட்டாள். மாமியாருக்கு மருமகள் மேல் பொறாமை என்றால் ஊரில் எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிடும். அவள் வைக்கிற குழம்பு, அவள் கையில் இருக்கிற சாவி, மகன் யார் பேச்சைக் கேட்கிறான் என்று ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். கோமதியின் குழம்பைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை, என் குழம்பைவிட அது நன்றாகவே இருக்கிறது. அதையெல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும். ரிட்டர்னை மட்டும் எப்படி எடுத்துக்கொள்ளலாம்? இதைச் சொன்னபோது உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏட்டி, ஊர்ல மாமியாருக எல்லாம் நகைநட்டுக்குச் சண்டை போடுதாளுவ. நீ ஒருத்திதான் பாஸ்வேர்டுக்குச் சண்டை போடுதே" என்றார். அவருக்கு என்ன தெரியும், அவர் ரிட்டர்னில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதையே நான்தான் விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

பொறாமை எனக்குப் புதிதும் இல்லை. இந்த ஊரில் வரி வேலை பார்க்கிறவர்களுக்கு அது தொழிலோடு சேர்ந்தே வருகிறது. ஜூலை மாதம்தான் குற்றாலத்தில் சீசன், ஜூலை மாதம்தான் ரிட்டர்னுக்கும் கெடு. இங்கே சாரல் அடிக்கும். ஜன்னலைத் திறந்தால் காகிதம் பறக்கும் என்று நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வெந்துகொண்டிருப்பேன். சென்னை, கோயம்புத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் அருவிக்கு வருவார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? துண்டு, சோப்பு, நல்லெண்ணெய் பாட்டில், கூடவே சம்பளத்தில் பிடித்த வரிக்கு ஆபீஸில் கொடுக்கிற ஃபார்ம் பதினாறு. ஐந்தருவியில் குளித்துவிட்டு நேராக என் மாடிக்கு ஏறி, "அப்படியே இதையும் ஒரு பார்வை பாத்திரு" என்று நீட்டுவார்கள். உன் பெரிய மாமா கொடுக்கும் காகிதத்தில் எண்ணெய்க் கறை இல்லாத வருஷமே கிடையாது. அவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு அருவியில் தண்ணீர் எப்படி விழுந்தது என்று கதை சொல்லுவார்கள், நான் அவர்களின் பேங்க் வட்டியைக் கூட்டிக்கொண்டிருப்பேன். அருவிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, சீசனில் நின்று நிதானமாக ஒரு தடவைகூடக் குளிக்காதவள் நான். ஈரத் தலையோடு யார் மாடி ஏறி வந்தாலும் எனக்கு வயிறு எரியும். உன்னைத் தவிர.

ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. சர்க்காருக்குச் சேர வேண்டியதில் ஒரு ரூபாய் குறைத்ததும் கிடையாது, என்னிடம் வந்தவரை ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்டவிட்டதும் கிடையாது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வருவாரே, வெள்ளை மீசை, சூரியகாந்தி போடுகிறவர். அவர் தோட்டத்தில் சினிமாக்காரர்கள் வந்து பாட்டு எடுத்துவிட்டு நல்ல தொகை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அதை விவசாய வருமானம் என்று காட்டச் சொல்லி என்னிடம் ஒற்றைக்காலில் நின்றார். "நெலம் என்னுது, பூ என்னுது, வெதச்சது நானு. விவசாயம் இல்லாம வேற என்னங்கேன் ஆடிட்டரம்மா?" "பூவை அவுக பறிச்சாகளா அண்ணாச்சி?" "ஒண்ணைக்கூடத் தொடலையே, சும்மா முன்னாடி நின்னுல்லா ஆடுனாவ!" "அப்ப அது விவசாயம் இல்ல, ஆட்டத்துக்கு எடம் விட்ட வாடகை." மனுஷர் முறைத்துக்கொண்டு போனார். ஆனால் அந்தப் படப்பிடிப்புக்காக அவர் வேலி போட்ட செலவையும் பாதை வெட்டிய செலவையும் நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழித்துக் கொடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மறுவாரம் ஒரு மூட்டை வெங்காயம் கொண்டுவந்து போட்டார். அதற்கு என்ன வரி என்று உன் அப்பா கேட்டார்.

நான் சொல்ல வருவது இதுதான். வரி வேலை என்றால் கூட்டல் கழித்தல் என்றுதான் நீங்களெல்லாம் நினைக்கிறீர்கள். அது கேள்வி கேட்கிற வேலை. எங்கே குடியிருக்கிறாய், யாருக்கு வாடகை கொடுக்கிறாய், யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குத் தானம் செய்தாய், எந்தக் கடன் உன்னை அரிக்கிறது என்று இத்தனையும் கேட்டால்தான், கழிவெல்லாம் காட்டி வரியைக் குறைக்கிற பழைய முறையில் ஒரு ரிட்டர்ன் முடியும். சாதாரண நாளில் நான் போன் பண்ணி "சாப்ட்டியாலே?" என்றால் நீ "ம்" என்பாய். "வேலை எப்படிப் போகுது?" என்றால் "போகுதும்மா." அவ்வளவுதான். ஆனால் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு என் எதிரே வந்து உட்காருவாய் பார், அன்றைக்கு நீ எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்பது நான் இல்லை, சர்க்கார். உனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை எனக்குச் சொன்னது யார்? இன்சூரன்ஸ் ரசீதைக் கேட்டபோது நீயே உளறினாய். வேளச்சேரி வீட்டில் கூட இருந்த பையன்களோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனதும் வாடகை ரசீது கூடியதால்தான் தெரிந்தது. தெருநாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு இடத்துக்கு மாதாமாதம் நீ பணம் அனுப்புவதை நன்கொடைக் கழிவு போடும்போதுதான் கண்டேன். அன்றைக்கு உன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் "எயிட்டி ஜி ரசீது இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

கோமதியே நம் வீட்டுக்குள் ரிட்டர்ன் வழியாகத்தானே வந்தாள், மறந்துவிட்டாயா? வட்டியைச் சரிபார்க்க உன் பேங்க் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்த பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் விலைக்கு இரண்டு பங்கு போயிருந்தது. "ஏலே, நீ ஒருத்தன் வாரதுக்கு எதுக்கு ரெண்டு டிக்கெட்டு?" என்றேன். நீ துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாய், காய்ந்த தலையை. பிறகு மெல்ல, "ஒரு டிக்கெட் புளியங்குடியிலயே எறங்கிருச்சும்மா" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புளியங்குடியில் இறங்கியது எலுமிச்சை கமிஷன் மண்டிக்காரர் மகள் என்பதும், பி.காம். படித்தவள் என்பதும், உன்னோடு ஒரே ஆபீஸ் என்பதும் நீ அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டாய். உன் அப்பாவுக்கு முன்னால், உன் சிநேகிதர்களில் பாதிப் பேருக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். அந்தப் பெருமையில் நான் ஒரு வருஷம் மிதந்தேன். ரிட்டர்ன் வழியாக வந்தவள் ரிட்டர்னையே எடுத்துக்கொண்டு போவாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஜூலையில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆன முதல் வருஷம், இரண்டு பேரும் சேர்ந்து சீசனுக்கு வருவீர்கள் என்று உன் ஃபைலை மேலே எடுத்து வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் போனது. மற்றவர்களின் ஈரத் துண்டெல்லாம் என் நாற்காலியில் காய்ந்தது. நானாகக் கேட்க மனசு வரவில்லை. என்னிடம் வேலை இல்லை என்று நினைத்துவிடுவாயே. கடைசியில், நீ மறந்துதான் போயிருப்பாய், நானே உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்று உன் கணக்கைத் திறந்தேன். நான் உனக்கு வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டு, சின்ன வயசில் உன்னைக் கூப்பிட்ட பெயரும் அதன் பின்னால் உன் பிறந்த வருஷமும். அதைப் போட்டால் தவறு என்றது. மறுபடி மெதுவாகப் போட்டேன். மறுபடியும் தவறு. யாரோ நம் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டு என்னை வெளியே நிறுத்திய மாதிரி இருந்தது. கோமதி என்று போட்டேன். கல்யாணத் தேதியைப் போட்டேன். அதற்கப்புறம் எனக்கே என்ன பிடித்ததோ தெரியவில்லை, எலுமிச்சை என்றுகூடப் போட்டேன். பூட்டிக்கொண்டது. குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் போலீஸ்காரர் விசில் அடித்து வெளியேற்றுவார், அதுபோல இதுவும் சிவப்பில் எழுதி என்னை வெளியேற்றியது.

அரை மணி நேரத்தில் நீ கூப்பிட்டாய். "யம்மா, ரிட்டர்ன் போட உள்ள போனா கணக்கு லாக் ஆகிக் கெடக்கு. யாரோ ஹேக் பண்ணப் பாத்திருக்கான். ஆதார்ல இன்னும் உன் நம்பர்தான் இருக்கு, ஒரு ஓடிபி வரும், சொல்லு" என்றாய். வந்தது. ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் நீளமாக வைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது. உனக்கு நான் வேண்டியிருந்த அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொரு தடவைகூடப் பூட்டி வைத்திருப்பேன். அப்போது நீ சொன்னாய்: "நல்ல வேளைம்மா. இந்த வருஷம் கோமதியே போடுதா. ஆதார் நம்பரையும் மாத்திடுதேன், இனிமே இதுக்கெல்லாம் உனக்குத் தொந்தரவு கிடையாது." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் ராசா, ஒரு வருஷமும் நான் அதைத் தொந்தரவு என்று உன்னிடம் சொன்னதில்லையே. போனை வைத்துவிட்டு, அருவிக்கு வந்த உன் பெரிய மாமாவின் எண்ணெய்க் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். தன்னுடைய வரியைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று அவர் பயந்துபோனார்.

மறுநாள், "பாரும்மா, கோமதி போட்டது" என்று அந்தக் கணக்கை எனக்கு அனுப்பி வைத்தாயே, அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? தப்புக் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். உட்காருவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய், அவள் எங்கேயாவது தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று காசி விசுவநாதரிடம் வேண்டிக்கொண்டேன். கோபுர வாசலில் வழக்கம்போல் காற்று தள்ளியது, "போ, போய் உன் வேலையைப் பார்" என்று விரட்டுகிற மாதிரி. வந்து பழைய முறையிலும் போட்டேன், புதிய முறையிலும் போட்டேன். உனக்குப் புதியதுதான் லாபம், ஒரு நல்ல பட்டுச்சேலை விலைக்கு மிச்சம். அவள் எழுதியதில் ஒரு புள்ளி பிசகவில்லை. நானாக இருந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றிருப்பேன். ஆனால் புதிய முறை இருக்கிறதே, அதைப் போன்ற ஒரு ஊமையை நான் பார்த்ததில்லை. வாடகை வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், நாய்க்குக் கொடுத்த காசும் வேண்டாம். சம்பளம் எவ்வளவு, வரி எவ்வளவு, முடிந்தது, போ. அது உன்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்த வருஷம் உனக்கு என்னவெல்லாம் நடந்தது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்துக் கோமதி கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு பணிவு. "அத்தை, பயமா இருக்கு. எங்க பாஸ்வேர்டை அவன் கண்டுபிடிச்சிருப்பானோ? என் பேரை வச்சுல்லா போட்டிருந்தோம்" என்றாள். நான் ஒரு மடச்சி, அவளுக்குத் தைரியம் சொல்லுகிற வேகத்தில், "இல்லட்டி, உன் பேரு இருக்காது. அதைத்தான் மொதல்லயே போட்டுப் பாத்தாச்சே" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கால் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மண்டிக்காரர் மகள் அல்லவா, பேச்சுக் கொடுத்தே விலையை வாங்கிவிட்டாள். "அவர்ட்ட நான் சொல்ல மாட்டேன் அத்தை. நீங்களே சொல்லிருங்க" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "எங்கப்பா மண்டிக் கணக்கை ஒரு நாளும் என் கையில குடுத்ததில்ல. நான் பி.காம். படிச்சிட்டு நிக்கேன், 'நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ, உனக்கு எதுக்கு'ன்னுருவாவ. என் தம்பி பத்தாங்கிளாஸ் ஃபெயிலு, அவன்ட்ட குடுப்பாவ. உங்க மகன் கணக்குதான் அத்தை நான் மொத மொதல்ல பாத்த வீட்டுக் கணக்கு." அவளுக்கும் என்னைப் போலவே வயிறு எரிந்திருக்கிறது, அதுவும் எத்தனையோ வருஷமாக. அதைக் கேட்ட பிறகு அவள்மேல் கோபப்பட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. பொறாமை மட்டும் போகவில்லை. அவள் இவ்வளவு நல்லவளாக இல்லாமல் இருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

கேட்காமலே புத்தி சொல்வது என் தொழிலுக்கு ஆகாது. ஃபீஸ் வராது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நான் உனக்கு ஒன்றுமே சொல்லவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். சொந்தக்காரர் முகத்துக்காக இன்சூரன்ஸ் எடுக்காதே. ஏஜென்ட்டாக இருந்த உன் சித்தப்பா மனசு நோகக் கூடாதென்று நான் எடுத்த பாலிசியில் அவர் மனசுக்குத்தான் முதிர்வுத் தொகை கிடைத்தது. வரி மிச்சமாகிறது என்பதற்காக எதையும் வாங்காதே. கடையத்தில் ஒரு ரைஸ்மில்காரர் வரிக்குப் பயந்து லாரி வாங்கினார், இப்போது லாரிக்குப் பயந்து வரியைப் பற்றி நினைக்கவே நேரமில்லாமல் ஓடுகிறார். சம்பாதிப்பது இரண்டு பேர் என்றால் இரண்டு பேருக்கும் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்குக் கை ஓடவில்லை. உன் பி.எஃப். கணக்கில், உன் பேங்க் டெபாசிட்டில், நீ வேலைக்குச் சேர்ந்தபோது நானே உட்கார்ந்து நிரப்பிய எல்லா இடத்திலும் நாமினி என்று என் பெயர் இருக்கிறது. கல்யாணம் ஆனவர்கள் யார் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, "நாமினி மாத்தியாச்சா?" என்பதுதான். உன்னிடம் மட்டும் இத்தனை மாதம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை, உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிற கடைசி இடம் அது, அதனால்தான். மாற்றிவிடு. கோமதி பெயரைப் போடு. இந்த வாரமே செய். ஆடிட்டராகச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்பாள், அவள் பேச்சைக் கேட்காதே.

பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம். உன் கணக்கை இனிக் கோமதியே பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கிறாள். ஆனால் அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று வேண்டும். இத்தனை வருஷம் ஊரில் அத்தனை பேரையும் நான் கேட்டேன். என் ரிட்டர்னை நானே போட்டுக்கொள்வதால் என்னை உட்கார வைத்து ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. என் முழங்கால் வைத்தியத்துக்கு என்ன ஆனது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? அடுத்த வருஷத்திலிருந்து என் ரிட்டர்னைக் கோமதி போடட்டும். அவள் கையில் இரண்டாவது வீட்டுக் கணக்காக என் கணக்கு இருக்கட்டும். வரும் சீசனுக்கு இரண்டு பேரும் வாருங்கள், முதலில் என்னை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பிறகு என்னை ஈரத் தலையோடு எதிரே உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல். ஒன்று மட்டும் அவளிடம் முன்னாலேயே சொல்லிவிடு. நம் வீட்டுக் கடன் இந்த வருஷத்தோடு முடிந்துவிட்டது, இனிக் கழிக்க வட்டி கிடையாது, அதனால் எனக்கும் புதிய முறைதான் லாபம் என்று அவள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவாள். கெட்டிக்காரி. எனக்கும் அது தெரியும். மாற்ற வேண்டாம் என்று சொல். வரி கூட வந்தால் நான் கட்டிக்கொள்கிறேன், என்னைப் பழைய முறையிலேயே போடச் சொல்.

அம்மா